பதினொரு பேனல்களில் பத்து

கேள்வி: கோவையில் அப்பா 1988இல் தொடங்கிய கட்டுமான நிறுவனத்தை இப்போது நான் கவனித்துக்கொள்கிறேன். அதற்கு முன் சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். அங்கே பழகிய ப்ரீகாஸ்ட் முறையை, அதாவது சுவர்ப் பேனல்களை ஆலையில் கான்கிரீட்டாக வார்த்துக் கொண்டுவந்து நிறுத்தும் முறையை, இங்கே கொண்டுவரும் ஆசையில், ஒரே வரைபடத்தில் தலா 32 வீடுகள் கொண்ட இரண்டு பிளாக்குகளில் முதலாவதை அப்படிக் கட்டினோம். "இனி வேலை சுலபம், வந்ததை நிறுத்த வேண்டியதுதான்" என்று முதல் கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பேனல்களை வெளியார் ஆலை ஒன்று வார்த்துக் கொடுத்தது. ஐந்து மாதம் தாமதம். பதினொரு பேனல்களைக் கழித்துவிட்டு மறுபடி வார்க்க வேண்டியதாயிற்று. முதல் மழையிலேயே சில மூட்டுகள் ஒழுகின; பெயின்டரை வைத்து சிலிகோன் பூசினோம். சைட் இன்ஜினியர்கள் இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். சிறு வயதிலிருந்தே என்னைத் தெரிந்த பெரிய மேஸ்திரி, "இது நம் ஊருக்கு ஆகாது அம்மணி" என்கிறார். இரண்டாவது பிளாக்கைப் பழைய முறையிலேயே கட்டிவிடலாம் என்பது அப்பாவின் முடிவு; பழமைப் பற்றினால் பயப்படுகிறார். நாங்கள் அமர்த்திய நிர்வாக ஆலோசகரோ, பழைய ஆட்கள் இருக்கும்வரை மாற்றம் வராது, அவர்களை அனுப்பிவிடுங்கள் என்கிறார். சூலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. சொந்தமாக ஆலை போட்டால் இந்தத் தொல்லை தீருமா என்றும் யோசிக்கிறேன். பேனல் பதிவேட்டின் நகலை இணைத்திருக்கிறேன். தவறு முறையிலா, ஆட்களிலா, என்னிடமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தைவிட அந்தப் பதிவேடுதான் எனக்கு அதிகம் சொல்லியது. கழித்த பதினொரு பேனல்களில் ஏழு, வார்த்து முடித்த பிறகு ஏசி குழாய்க்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடம் மாறியதால் வீணானவை. மூன்று, பேனலைப் பிடித்துக்கொள்ள அடித்தளத்திலிருந்து நீட்டிவிட்ட டவல் (dowel) கம்பிகளோடு பேனலின் துளைகள் பொருந்தாமல் போனவை. லாரியிலிருந்து இறக்கும்போது மூலை உடைந்தது ஒன்றே ஒன்று. இந்த முறைக்கே உரிய சேதம் என்று நான் ஒப்புக்கொள்வது அந்த ஒன்றைத்தான். மற்ற பத்தும் "சைட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், தள்ளிவைத்ததால் வந்தவை.

நீங்கள் கோவைக்காரர். பேட்டர்ன் என்கிற வார்ப்பு மாதிரி தயாராவதற்கு முன் உலையை மூட்டுகிற பவுண்டரி முதலாளியை உங்கள் ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். இரும்பு உருகிய பிறகு "இந்தத் துளையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர் வந்து நின்றால் அங்கே சிரிப்பார்கள். கட்டடத் தொழிலில் நாம் சிரிப்பதில்லை. உளியை எடுத்துக்கொண்டு போகிறோம். சுவர் எழும்பிய பிறகு வாஸ்து பார்ப்பவரை அழைத்து வருகிறார்கள். அவர் சமையல் மேடையை அக்னி மூலைக்குத் திருப்பச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன் பூச்சுக்கு முந்தின நாள் சாக்பீஸோடு வந்து சுவரில் கோடு போடுகிறார். செங்கல் சுவர் இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும். 150 மில்லிமீட்டர் தடிமனில் மூன்றுக்கு நான்கு மீட்டர் பேனல் ஒன்று நாலரை டன் எடை. அதற்குள் கம்பி எங்கே ஓட வேண்டும், குழாய் எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அது பிறக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் நிறுவனத்தில் கொண்டுவந்தது ஒரு புதிய சுவர் மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். உண்மையில் முடிவெடுக்கும் நாளை ஆறு மாதம் முன்னால் இழுத்திருக்கிறீர்கள், முடிவெடுக்கும் ஆளையும் மாற்றியிருக்கிறீர்கள். நேற்றுவரை கடைசி முடிவு சைட்டில், மேஸ்திரியின் கையில் இருந்தது. இன்று அது வரைபட அறையில், கணினி முன் அமர்ந்திருக்கும் 26 வயதுப் பெண்ணின் கையில் இருக்கிறது. இதை நீங்கள் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொண்டுவிட்டார்கள், அவரவருக்குத் தோன்றிய விதத்தில்.

மேஸ்திரியின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். ஒரு நல்ல மேஸ்திரியின் பெருமை எதில் இருக்கிறது? பிறர் செய்த பிசகைத் தன் கைத்திறனால் நேர்செய்வதில். தூண் 15 மில்லிமீட்டர் விலகி நிற்கிறதா, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார், ரசமட்டத்தை வைப்பார், பூச்சில் ஏற்றி இறக்கி யார் கண்ணுக்கும் தெரியாமல் செய்துவிடுவார். நாற்பது ஆண்டு அனுபவம் என்பது அதுதான். ப்ரீகாஸ்ட்டில் பூச்சு கிடையாது. சில மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அடுத்த பேனல் சரியாக உட்காராது. அவருடைய திறமையில் பெரும்பகுதி ஒரே இரவில் தேவையற்றதாகிவிட்டது. நீங்களோ முதல் கூட்டத்தில் "இனி வேலை சுலபம், வந்ததை நிறுத்த வேண்டியதுதான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

இதன் அடியில் பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள், நான் பேசிவிடுகிறேன். மேஸ்திரிக்குக் கொத்தனார், சித்தாள் என்று தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். நாற்பது பேர் வேலை செய்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பேர். அவருடைய வருமானம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த நாற்பது பேரில் பலர் அவரை நம்பி ஒரே ஊரிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். திருவிழாவுக்குப் போனால் அவர்களின் வீட்டார் முகத்தை அவர் பார்க்க வேண்டும். "நம் ஊருக்கு ஆகாது" என்ற வார்த்தைக்குள் இத்தனையும் இருக்கிறது. இதைப் பயிற்சி வகுப்பு நடத்தித் தீர்க்க முடியாது. அவருக்கு மாதச் சம்பளம் பேசுங்கள், பழைய வருமானத்துக்குக் குறையாமல். தலைக் கணக்கை நிறுத்துங்கள். அதற்கான தொகை, ஐந்து மாதத் தாமதத்துக்கு நீங்கள் கட்டிய வட்டியோடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்காது.

சம்பளத்துக்கு அவர் என்ன வேலை செய்வார் என்று கேட்பீர்கள். மூட்டு. அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

1997இல் ஒரு கிடங்குக் கட்டடத்தில் நான் இளம் பொறியாளர். நாளைக்கு எட்டு பேனல் நிறுத்த வேண்டும் என்று கரும்பலகையில் இலக்கு எழுதி வைத்தவன் நான்தான். ஒரு பேனலின் அடியில் டவல் கம்பி 40 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. இரவு ஷிஃப்ட் ஃபோர்மேன் அதைக் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் பேனலை நிறுத்திவிட்டார். கம்பி இல்லாத துளைக்குக் கிரௌட், அதாவது துளையை நிரப்பும் சிமென்ட் கலவை, எதற்கு என்று அதையும் ஊற்றாமல் விட்டார். காலையில் பார்த்தால் சுவர் அழகாக நிற்கிறது, பலகையில் எட்டு என்று டிக் அடித்திருக்கிறது. இரண்டு பை கிரௌட் மிஞ்சியிருக்கிறதே என்று கிடங்குக் கணக்கர் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஃபோர்மேனை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். இலக்கு எழுதிய என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னிடம் வந்து "கம்பி விலகியிருக்கிறது, நிறுத்த முடியாது" என்று சொல்லக்கூடிய நிலையை நான் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம், பேனல்களை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 காலையில் பதினெட்டாம் மாடியில் எரிவாயு வெடித்ததில் வெளிச்சுவர் பேனல்கள் பிய்ந்து போயின. அவற்றின் மேல் நின்றவை சரிந்தன, சரிந்தவை விழுந்து கீழே உள்ளவையும் நொறுங்கின, ஒரு மூலை முழுவதும் தரை வரை இறங்கிவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1986இல் அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகக் கழற்றியபோது, பல மூட்டுகளில் கலவை சரியாக நிரப்பப்படவே இல்லை என்பது கண்ணால் பார்க்கக் கிடைத்தது. ஆலையில் வார்த்த பேனல் எத்தனை உறுதியாக இருந்தாலும், கட்டடத்தை ஒன்றாகப் பிடித்து நிற்பது சைட்டில், வெயிலிலும் அவசரத்திலும், மனிதக் கை நிரப்புகிற அந்த மூட்டுதான்.

அந்தக் கை யாருடையதாக இருக்க வேண்டும்? கலவையின் பதத்தைக் கரண்டியில் எடுத்ததும் சொல்லிவிடுகிறவர், தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று ஓசையில் அறிகிறவர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார். அவரை மூட்டுகளுக்குப் பொறுப்பாளராக்குங்கள். கீழ்த்துளையில் செலுத்திய கிரௌட் மேல்துளையில் வழிவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு அவர் பெயின்ட்டால் ஒரு குறி வைக்கட்டும். அந்தக் குறி இல்லாத பேனலின் மேல் அடுத்த பேனல் ஏறக்கூடாது. பேனலைத் தாங்கி நிற்கும் முட்டுக் குழாய்களைக் கழற்றக்கூடாது. நீங்களே வந்து அவசரப்படுத்தினாலும் "ஆகாது அம்மணி" என்று அவர் சொன்னால் ஆகாது. இதை அவரிடம் தனியாகச் சொல்லாதீர்கள். அப்பாவை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். டவல் கம்பிகளையும் அவரிடமே ஒப்படையுங்கள்: கம்பிகள் நிற்க வேண்டிய இடத்தில் துளையிட்ட இரும்புத் தகட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் போட்டால், அந்த மூன்று பேனல்கள் போல இன்னொன்று வீணாகாது. தகட்டைப் பார்த்ததும் அவர் உங்களைவிட நன்றாக ஒன்று செய்து காட்டுவார் என்பது என் ஊகம்.

விலகிப் போன இரு இன்ஜினியர்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பொருந்தாத பேனலை வரைந்தது ஒருவர், வார்த்தது ஒருவர், தாமதத்துக்குத் திட்டு வாங்கியது அவர்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். அடுத்து வருகிறவர்களை வரைபடம் முடியும் முன்பே வேலையில் சேருங்கள். தாங்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பேனலைத்தான் அவர்கள் நிறுத்த வேண்டும்.

ஆட்களை அனுப்பிவிடச் சொன்ன ஆலோசகருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டீர்களா? போகட்டும். ஆனால் சிங்கப்பூரை அளவுகோலாக வைத்து உங்கள் ஆட்களை நீங்களும் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலிருந்து படுகிறது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980களின் தொடக்கத்திலிருந்தே ப்ரீகாஸ்ட்டைப் பயன்படுத்தி வருகிறது. எளிதில் கட்டத்தக்க வடிவமைப்புக்கு மதிப்பெண் கொடுத்து, குறைந்தபட்ச மதிப்பெண்ணை அரசு சட்டமாக்கியது 2001இல். முழு அறைகளையே ஆலையில் செய்து அடுக்கும் முறையைச் சில அரசு நிலங்களில் கட்டாயமாக்கியது 2014இல். மாறாத ஒரே பெரிய வாடிக்கையாளராக அரசே நின்றது, வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளிகள் வரி கட்ட வேண்டியிருந்தது. ஆளைக் குறைத்தால் லாபம் என்பது அங்கே நேரடிக் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு அப்படியே வராது. நமக்குக் கிடைப்பது நாள் மிச்சமும் தரமும். கூலி மிச்சம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அங்கே உங்கள் கண் முன்னால் கிரேனுக்குச் சைகை காட்டியவர், பேனலுக்குக் கொக்கி மாட்டியவர் யார்? புதுக்கோட்டை, சிவகங்கை, பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கில் டெஸ்ட் தேறி, பத்து ஆண்டு அங்கே உழைத்துவிட்டு, ஊர் திரும்பிச் சும்மா இருப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய மேஸ்திரிக்கு மேலே வைக்காமல் பக்கத்தில் வையுங்கள்.

இனி அப்பா. அவர் பயப்படுவது பழமைப் பற்றினால் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. பழைய முறையில் கடகால் முடிந்தால் ஒரு தவணை, ஒவ்வொரு தளம் போட்டால் ஒரு தவணை என்று வாங்குபவர்களின் வங்கிக் கடன் வந்துகொண்டே இருக்கும். ப்ரீகாஸ்ட்டில் மூன்று மாடிக்கான பேனல்கள் ஆலையில் அடுக்கியிருக்கும், அவற்றுக்கான பணத்தை நீங்கள் கொடுத்திருப்பீர்கள், சைட்டிலோ வெறும் அடித்தளம். வங்கி மதிப்பீட்டாளர் வந்து அடித்தளத்தைத்தான் படம் எடுப்பார். அந்த இடைவெளியை நிரப்ப அப்பா எங்கிருந்து கடன் வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். உங்களிடம் முழுதும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வரியும் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் பேனலுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வீடு விற்கும்போது 5 விழுக்காடு வாங்குகிற திட்டத்தில், 2019 ஏப்ரலிலிருந்து, பொருள் வாங்கும்போது கட்டிய அந்த உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பதிவில்லாத மேஸ்திரியோ கூலிக்கு ஜிஎஸ்டி போட மாட்டார். இதையெல்லாம் பெரியவர் மனக்கணக்காகவே போட்டிருப்பார்.

ஆகையால் இரண்டாவது பிளாக்கில் பேனல் வேலை தொடங்கும் முன்பே, தவணை அட்டவணையை மாற்றி எழுதி, ஒரு வங்கியிடமாவது முன்கூட்டிப் பேசுங்கள். ஆலைக்கும் ஒரே மூச்சில் பணம் கொடுக்காமல், சைட்டில் நிறுத்தும் வேகத்துக்கு ஏற்ப வார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத் தேவைக்கு மேல் அடுக்கி வைக்க வேண்டாம்.

பழைய முறைக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். காரணம் கொள்கை ஒன்றுமில்லை, அச்சுகள். ஒரு அச்சு நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது முறை வார்த்தால் பேனலுக்கு 13,000 ரூபாய்க்கு மேல் அச்சுச் செலவு விழும். அறுபது முறை வார்த்தால் அதில் பாதி. இரண்டு பிளாக்குகளும் ஒரே வரைபடம் என்கிறீர்கள். கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை முழுவதையும் முதல் பிளாக்கில் கொடுத்துவிட்டு, அதன் பயனை எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்துவது நட்டத்தை உறுதிசெய்வதாகும். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை இதே முறையில், தரைத்தளமும் ஐந்து மாடியுமாக, கட்டினார்கள்; 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. ஒரே மாதிரி வீடு ஆயிரத்துக்கு மேல் இருந்ததால் அச்சின் செலவு அங்கே கரைந்துவிடும். உங்களுக்கு 64தான். அதில் 32ஐ வீட்டுக்கு வீடு மாற்றினால் கணக்கு உதைக்கும்.

ஒரு நிபந்தனை. பத்து வாரத்துக்கு ஒரு பேனலும் வார்க்காதீர்கள். அப்பா பதறுவார், பதறட்டும். அந்தப் பத்து வாரத்தில் வீடு வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் வரவழைத்து, சுவிட்ச் எங்கே, ஏசி எங்கே, பூஜை அறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாஸ்து பார்ப்பவரும் அப்போதே வரட்டும், வேண்டுமானால் நீங்களே செலவு கொடுத்து அழைத்து வாருங்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசிக்காரர் மூவரும் மேஸ்திரியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேனலின் படத்திலும் கையெழுத்திட வேண்டும். கணினிப் படம் சிலருக்குப் பிடிபடாது. ஒரு வீட்டைத் தரையில் சுண்ணாம்புக் கோடாக முழு அளவில் போட்டுக் காட்டுங்கள். கையெழுத்தான பிறகு மாற்றம் கேட்டு வருகிறவர்களிடம் "முடியாது" என்று சொல்லும் வேலையை அப்பாவிடம் கொடுங்கள். ஊரில் அவர் சொன்னால் கேட்பார்கள். அவருக்கு இந்தத் திட்டத்தில் இதுவரை ஒரு வேலையும் நீங்கள் வைத்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சூலூர் நான்கு ஏக்கர் அப்படியே இருக்கட்டும். ஆலை என்பது தினமும் தீனி கேட்கிற யானை. அமெரிக்காவில் கட்டடப் பாகங்களை ஆலையில் செய்த கட்டெரா என்ற நிறுவனம் 2015இல் தொடங்கி, பெரும் முதலீட்டாளர்களின் பணத்தோடு ஆலைகளைக் கட்டி, 2021இல் திவாலானது. நம் நாட்டிலேயே 1948இல் டெல்லியில் அரசு வீடு வார்க்கும் ஆலை தொடங்கியது. பிரிவினையில் வந்தவர்களுக்கு வேகமாக வீடு தருவதுதான் எண்ணம். எதிர்பார்த்தபடி வீடுகள் வரவில்லை, பிற்காலத்தில் அந்த நிறுவனம் ரயில் பாதைக்கான கான்கிரீட் ஸ்லீப்பரும் வார்த்தது. ஆண்டுக்கு எத்தனை வீடு உறுதியாகக் கட்டுவீர்கள் என்று அடுத்த ஐந்து ஆண்டுக்குச் சொல்ல முடிகிற நாளில் இந்தக் கேள்வியை மறுபடி எழுதுங்கள். படிக்கட்டு, லாஃப்ட் சிலாப் போன்ற சிறிய பொருள்களை மட்டும் சைட்டின் ஓரத்திலேயே நீங்களே வார்த்துப் பாருங்கள். வரியிலும் கொஞ்சம் மிஞ்சும், உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒழுகும் மூட்டுகளை விட்டுவிட்டேன். பெயின்டரை வைத்து சிலிகோன் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். தூசியைத் துடைக்காமல், உள்ளே நுரைக் கயிறு வைக்காமல், மேலாகப் பூசியிருப்பார். கான்கிரீட் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது ஒரு பக்கம் உரிந்துவிடும். அதன் மேலேயே இன்னொரு பூச்சு போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழையதை முழுதும் சுரண்டி எடுத்து, ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிரைமர் பூசி, நுரைக் கயிற்றைச் சரியான ஆழத்துக்குச் செலுத்தி, அதன் மேல் புதிதாக அடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவரை டார்ச்சோடு நிறுத்திப் பாருங்கள். மேற்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் முதலில் அந்தச் சுவரைத்தான் அடிக்கும்.